சஜீத் கீறிய கொட்டியாரக்குடா

கடிதம் ‘அன்புள்ள சஜீத்’ என்று தொடங்கியிருந்தது. வந்து சேர்ந்ததோ சிவரூபனின் மின்னஞ்சலுக்கு.

சிவரூபனுக்குச் சீனன்குடாவில் ஒரு மாவாலையில் வேலை. ஆலை வாசலில் லொறிகளை ஏற்றி நிறுக்கும் பாலம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பக்கத்துச் சின்ன அறையில் அவன் இருப்பான். லொறி பாலத்தில் ஏறியதும் திரையில் இலக்கம் ஓடும், கொஞ்சம் தள்ளாடும், பிறகு நிற்கும். நின்றதும் விசையை அழுத்தி, வருகிற துண்டைச் சாரதியிடம் கொடுக்க வேண்டும். பதினாறு வருடமாக அதுதான் வேலை. வயது நாற்பத்து மூன்று. கப்பல்துறை என்ற ஊரில் மனைவியின் சீதனக் காணியில் வீடு, ஒரு மகள். பேச்சுக் குறைவு, கோபமும் குறைவு. தாய் தங்கரத்தினம் இறந்த அன்று வந்தவர்களுக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, ஐயரைக் கூட்டிவந்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தான். கண் கலங்கவில்லை. சவப்பெட்டி வீட்டை விட்டு வெளிக்கிட்டபோதும் கலங்கவில்லை. மனைவி பிரியதர்சினி அதை அவனிடம் ஒரு குறையாகச் சொன்னதில்லை. ‘இவருக்குச் சூடு குளிர் ஒண்டும் இல்லை’ என்று தன் தங்கையிடம் மட்டும் ஒருமுறை சொன்னாள். அது அவன் காதில் விழுந்தது. சரியாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான்.

கடிதத்தை இரண்டு லொறிகளுக்கு நடுவில் கைத்தொலைபேசியில் வாசித்தான். ஆங்கிலத்தில் இருந்தது. எழுதியவள் செக் நாட்டில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிற பெண். பழைய கணினி விளையாட்டுகளின் உரிமையை வாங்கி, இன்றைய கணினிகளில் ஓடக்கூடியதாகத் திருத்தி மறுபடி வெளியிடுவது தங்கள் தொழில் என்று எழுதியிருந்தாள். 1997இல் வந்த ஒரு கடற்போர் விளையாட்டை இப்போது அப்படி வெளியிடப் போகிறார்கள். அந்தக் காலத்தில் விளையாடியவர்களே கீறி இணையத்தில் போட்ட வரைபடங்களில் நல்லதாகப் பன்னிரண்டைத் தெரிந்தெடுத்து, அதனுடன் சேர்க்க விரும்புகிறார்கள். பன்னிரண்டில் ஒன்று ‘கொட்டியாரக்குடா’. கீறியவர் எம். சஜீத், மூதூர், இலங்கை. ‘இருபது வருடமாக ஆட்கள் இந்த வரைபடத்தை விட்டுவிடாமல் விளையாடுகிறார்கள். ஆழம் இப்படி அமைந்த வரைபடம் வேறு இல்லை. உங்கள் அனுமதி கிடைத்தால் மிகவும் மகிழ்வோம்.’

வெளியே அடுத்த லொறி ஹோர்ன் அடித்தது. சிவரூபன் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு இலக்கத்தைப் பார்த்தான்.

சஜீத் இறந்து பத்தொன்பது வருடம்.

2003ஆம் ஆண்டு, சமாதானக் காலத்தில், திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு மேல்மாடியில் கணினி வகுப்பு நடந்தது. சிவரூபனுக்கு அப்போது இருபத்தொரு வயது. வீடு நகரத்தில்தான், நடந்தே வந்துவிடுவான். சஜீத் மூதூரிலிருந்து வருவான். காலை லோஞ்சில் ஏறினால் கொட்டியாரக்குடாவைக் கடந்து ஒரு மணித்தியாலத்தில் இறங்குதுறைக்கு வந்துவிடலாம். மெல்லிய ஆள். ஆஸ்துமா, முட்டு வருத்தம் இருந்தபடியால் படியேறி வந்ததும் கதவடியில் நின்று மருந்துப் பம்பை வாயில் வைத்து இரண்டு தரம் அடித்துவிட்டுத்தான் உள்ளே வருவான். இருவரும் கணக்குப் பதிவுப் பாடம் படித்தார்கள். ஒரு கணினிக்கு இரண்டு பேர் என்ற முறையில் அவர்களை ஒன்றாக இருத்தினார்கள்.

கடைசிக் கணினியில் அந்த விளையாட்டு இருந்தது. யார் போட்டார்கள் என்று தெரியாது. அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தது. அவர்கள் ‘கப்பல் கேம்’ என்றார்கள். வகுப்பு முடிந்த பிறகு பின்னேர லோஞ்சுக்கு இரண்டு மணித்தியாலம் இருக்கும். அந்த நேரத்தில் ஒரே திரைக்கு முன்னால் இருந்து மாறி மாறி விளையாடுவார்கள். ஒருவன் தன் கப்பல்களை நகர்த்தும்போது மற்றவன் யன்னல் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். விளையாட்டு தொடங்க நாலு நிமிடம் எடுக்கும். அதற்குள் கீழே போய்ப் பிளேன்ரீ குடித்துவிட்டு வரலாம்.

சொந்தமாக வரைபடம் கீறலாம் என்பதைச் சஜீத்தான் கண்டுபிடித்தான். வேறு ஊர்க் கடலில் எதற்கு அடிபட வேண்டும், எங்கள் கடலைப் போடுவோம் என்றான். கரையைச் சிவரூபன் கீறினான். சீனன்குடா, கிண்ணியாப் பக்கம், சம்பூர் முனை எல்லாம் பள்ளிக்கூட வரைபடத்தைப் பார்த்துக் கட்டம் கட்டமாகப் போட்டான். ஆழம் சஜீத்தின் வேலை. ஒவ்வொரு நாளும் லோஞ்சில் வரும்போது ஓட்டுகிறவர்களிடமும் வழியில் காண்கிற மீன்பிடிகாரரிடமும் கேட்டு ஒரு நாற்பது தாள் கொப்பியில் எழுதிக்கொண்டு வருவான். அவர்கள் பாகக் கணக்கில் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். சிவரூபனுக்கு இன்றைக்கும் நினைவிருக்கிற சில கதைகளில் ஒன்று, நடுக்குடாவின் ஆழத்தைக் கேட்டுவிட்டுச் சஜீத் வந்து சொன்னது.

“அந்த இடத்தில எத்தின பாகம் எண்டு கேட்டன். கயிறு காணாது தம்பி எண்டு சொல்றாங்க. நான் எத எழுதுற?”

அப்படியே எழுதினார்கள். விளையாட்டில் வைக்கக்கூடிய ஆகக்கூடிய ஆழத்தைக் கரைக்குக் கிட்டவரை கொண்டுவந்து வைத்தார்கள். உண்மையிலும் அந்தக் குடா அப்படித்தான் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துப் படம் முடிந்தது. இணையத்தில் போடுகிற நாள் வந்தபோது சிவரூபனின் தகப்பன் கனகரத்தினம் குறுக்கே வந்தார். துறைமுக அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்த இலிகிதர். இந்தத் துறைமுகத்தைக் கீறி உன் பெயரையும் கீழே போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறாயா, சமாதானம் எத்தனை நாளைக்கு என்று நினைக்கிறாய் என்று கேட்டார். சிவரூபனுக்குப் பயம் பிடித்தது. அதைச் சஜீத்திடம் சொன்னான். சஜீத் சிரித்தான். தன்னுடைய பெயரைப் போடச் சொன்னான். யாராவது கேட்டால் மூதூர்க்காரன் மீன் பிடிக்கப் படம் கீறினான் என்று சொல்லிவிடுவானாம். சஜீத்திடம் மின்னஞ்சல் இல்லாததால் முகவரி மட்டும் சிவரூபனுடையது.

அந்த 2004ஆம் ஆண்டுக் கடைசியில் கடல் ஊருக்குள் வந்தது. வகுப்பு நடந்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்தார்கள். சஜீத் ஒரு நிவாரண நிறுவனத்தில் சாமான் பங்கிடும் வேலைக்குச் சேர்ந்தான். அதன் பிறகு மாதம் ஒருதரம், இரண்டு மாதம் ஒருதரம் கண்டார்கள். 2006இல் திருகோணமலையில் இராணுவச் சுற்றிவளைப்புகளும் வீட்டுச் சோதனைகளும் தொடங்கியபோது சிவரூபன் ஒரு காலையில் கொல்லைப்புறத்தில் நெருப்பு மூட்டி, விளையாட்டு இருந்த சீடி இறுவட்டுகளையும் ஆழம் எழுதிய கொப்பியையும் போட்டு எரித்தான். கொப்பி உடனே எரிந்தது. இறுவட்டுகள் எரியாமல் உருகிக் கல்லில் ஒட்டிக்கொண்டன. அதைக் கத்தியால் சுரண்டி எடுத்தான்.

ஆவணியில் மூதூரில் சண்டை. சனங்கள் கந்தளாய்க்கு நடந்து போகிறார்கள் என்று வானொலியில் சொன்னார்கள். சஜீத்தின் பக்கத்து வீட்டுத் தொலைபேசி இலக்கம் சிவரூபனிடம் இருந்தது. அவன் அந்த இலக்கத்துக்கு எடுத்துப் பார்க்கவில்லை. புரட்டாதியில், முன்பு வகுப்பில் படித்த ஒருவன் தேத்தண்ணிக் கடையில் கண்டு, சஜீத் மௌத்தாகிவிட்டான், தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்று சிவரூபன் சொன்னான். கையிலிருந்த வாய்ப்பனை முடித்துவிட்டுத்தான் எழுந்தான். அந்த வாய்ப்பனின் இனிப்பு அவனுக்கு நல்ல நினைவு. வேறு எதையும் அன்றைக்கு உணர்ந்ததாக நினைவில்லை.

முதலில் மூதூருக்குப் போகப் பாதை இல்லை. பிறகு போனால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு கிண்ணியாவிலிருந்து ஒவ்வொரு பாலமாகக் கட்டி முடித்தார்கள். மோட்டார்சைக்கிளில் ஒரு மணித்தியாலத்தில் போகலாம் என்று வந்தபோது, இத்தனை வருடம் கழித்து எதற்கு என்றாகிவிட்டது.

செக் நாட்டுப் பெண்ணின் கடிதத்துக்கு ஒன்பது நாள் அவன் பதில் எழுதவில்லை. பத்தாவது நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாலு வரி எழுதினான். நான் சஜீத் இல்லை. சஜீத்தின் நண்பன். சஜீத் 2006இல் இறந்துவிட்டான். மன்னிக்கவும். அனுப்பிவிட்டு, இதோடு முடிந்தது என்று நினைத்தான்.

அன்றைக்கே பதில் வந்தது. இந்தச் செய்தியைக் கேட்டுத் தான் வருந்துவதாகவும், சட்டப்படி குடும்பத்தில் ஒருவர் ஒப்பமிட்டால் படத்தைச் சேர்க்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டிவரும் என்றும் அவள் எழுதியிருந்தாள். ஒரு படிவமும் விளையாட்டின் பரிசோதனைப் பிரதியும் இணைத்திருந்தாள். கூடவே ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. படத்தோடு 2004இல் சேர்ந்து வந்தது, உங்களிடம் இல்லாமல் இருக்கலாம் என்று கீழே ஒரு குறிப்பு.

விட்டுவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு காலை, மகளின் இணையவழிப் பாடங்களுக்கு என்று வாங்கிய மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டு சிவரூபன் மோட்டார்சைக்கிளை எடுத்தான். பிரியதர்சினியிடம் மூதூரில் ஒரு அலுவல் என்றான். ஏன் போகிறான் என்று யாராவது வழியில் மறித்துக் கேட்டிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது. கிண்ணியாப் பாலத்தில் ஆட்கள் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றார்கள். வெயில் ஏறவில்லை. அவன் எங்கும் நிற்காமல் போனான்.

மூதூர்ச் சந்தியில் ஒரு கடைக்காரரிடம், முந்திக் கணினி படிக்கத் திருகோணமலைக்குப் போய்வந்த சஜீத்தின் வீடு என்று கேட்டான். கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கந்தளாயில் மௌத்தான பிள்ளையா, அவருடைய தங்கச்சி றுக்கியா ரீச்சரின் வீடு பள்ளிவாசலுக்குப் பின்னால் என்று கையைக் காட்டினார்.

றுக்கியாவுக்கு முப்பத்து நாலு வயது. பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். அவளுடைய கணவர் பாயிஸ் கடைக்குப் போயிருந்தார். தாய் நஜ்முன் நிஸா உள் அறைக் கட்டிலில் இருந்தார். சிவரூபன் தன்னுடைய பெயரைச் சொன்னான். அவளுக்கு அது தெரியாத பெயர். சஜீத்தோடு படித்தவன் என்றதும் கதிரையைத் துடைத்துப் போட்டாள். வந்த விஷயத்தை அவன் சொல்லத் தொடங்கினான். வெளிநாட்டு நிறுவனம், பழைய விளையாட்டு, படம், அனுமதி. அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவன் மடிக்கணினியைத் திறந்து காட்டினான்.

இரண்டே விநாடியில் கடல் வந்துவிட்டது. புதுப் பிரதியில் தண்ணீர் வெயிலில் மினுங்கியது. அலை அசைந்தது. கரைகள் மட்டும் அவன் கட்டம் கட்டமாகப் போட்டபடியே முறிந்து முறிந்து கிடந்தன. றுக்கியா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். இது மூதூரா என்று கேட்டாள். ஓம் என்றான். இது கிண்ணியா, இது சம்பூர் என்று விரலை வைத்துக் காட்டினான். அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, அண்ணனைப் பற்றிச் சொன்னாள்.

“காக்கா கணக்குப் படிக்கத்தான் போறார் எண்டு வாப்பா நினைச்சுக்கிட்டு இருந்தாரு.”

“படிச்சவர். வகுப்பு முடிஞ்ச பிறகுதான் இது.”

“எத்தின நாளா கீறின?”

“ஒரு வருசம். கொஞ்சம் கூட.”

“வகுப்ப நீட்டிப் போட்டாங்க எண்டு சொல்லித்தான் பின்னேர லோஞ்சில வருவாரு,” என்றாள். அவள் கோபப்பட்டாளா சிரித்தாளா என்று சிவரூபனுக்குத் தெரியவில்லை. அவள் எழுந்து குசினிக்குள் போய்த் தேத்தண்ணியோடு வந்தாள்.

தேத்தண்ணியை வைத்துவிட்டு, அவன் கேட்காமலே சொன்னாள். கந்தளாய்க்கு நடந்த அன்று தனக்குப் பதினைந்து வயது என்றாள். புழுதியும் புகையும். காக்கா வாப்பாவின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தார். இரண்டாம் நாள் பம்பு முடிந்துவிட்டது. அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருநூறு பேருக்கு நடுவில் இருந்தார்கள். மருந்து தேடி வாப்பா போனார். மூன்றாம் நாள் முற்பகல், வாப்பா திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. அங்கேயே அடக்கினார்கள். வாப்பாவும் அதற்குப் பிறகு நாலு வருடம்தான் இருந்தார். வகுப்பில் ஒரு பரிசோதனையை விளக்குவது போல ஒன்றன் பின் ஒன்றாகச் சொன்னாள். எத்தனையோ தரம் சொல்லிப் பழகிய கதை என்று கேட்கிறவனுக்குத் தெரிந்தது.

“நீங்க அப்ப எங்க இருந்தீங்க?” என்று கேட்டாள்.

“திருகோணமலையில. வீட்டில.”

“தெரியுமா?”

“அடுத்த மாசம் தெரியும்.”

“வரல்ல.”

“ஓம். வரேல்ல.”

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்பாள் என்று அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்காதபடியால் கொப்பியை எரித்த கதையைச் சொன்னான். யாரிடமும் சொல்லாத கதை. ஆழம் எல்லாம் சஜீத்தின் கையெழுத்தில் இருந்தது, சுற்றிவளைப்புக்குப் பயந்து எரித்துவிட்டேன் என்றான். றுக்கியா முன்றானையின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தாள்.

“எங்கட்டயும் அவர்ட கையெழுத்து ஒண்டும் இல்ல. திரும்பி வந்து அலுமாரியத் திறந்தா, உள்ளுக்கு எல்லாம் மழத் தண்ணி.”

அப்போதுதான் அவனுக்கு அந்த எழுத்துக் கோப்பு நினைவுக்கு வந்தது. வீட்டில் அதைத் திறந்து பார்க்க அவனுக்கு மனம் வந்திருக்கவில்லை. இங்கே திறந்தான். சஜீத்தின் ஆங்கிலம் அவ்வளவு நல்லதில்லை. றுக்கியா மெல்லிய குரலில் தமிழாக்கிக்கொண்டே வாசித்தாள். இந்தக் கடலில் நான் ஒவ்வொரு நாளும் போய் வருகிறேன். ஆழம் எல்லாம் கடலில் வேலை செய்கிறவர்களிடம் கேட்டு எழுதியது, ஒன்றும் கற்பனை இல்லை. மூதூர்ப் பக்கம் பெரிய கப்பலைக் கொண்டு வராதீர்கள், தரை தட்டும். மார்கழியில் இந்தக் கடல் பொல்லாதது, ஆனால் அதை இந்த விளையாட்டில் வைக்க வழி இல்லை. மின்னஞ்சல் என் நண்பனுடையது, ஆனால் ஏதாவது பிழை இருந்தால் என் பெயருக்கு எழுதுங்கள், அவன் பெயருக்கு வேண்டாம், அவன் பயந்தவன்.

கடைசி வரியில் அவள் நின்றாள். சிவரூபன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வரி தனக்குத் தெரியாமல் எழுதப்பட்டது என்றும், இருபத்தொரு வருடமாக உலகத்தில் யாரெல்லாமோ அதை வாசித்திருப்பார்கள் என்றும் அவனுக்கு விளங்கியது. கோபம் வரவில்லை. வெட்கம் வந்ததா என்றும் தெரியவில்லை. தேத்தண்ணியை எடுத்துக் குடித்தான். ஆறியிருந்தது.

“இது காக்காட பேச்சுத்தான்,” என்றாள் றுக்கியா. இதைத் தாளில் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள். நாளைக்கே அச்செடுத்து அனுப்புவதாக அவன் சொன்னான்.

ஒப்பம் தாய்தான் வைக்க வேண்டும் என்று றுக்கியா சொன்னாள். இருவரும் உள்ளே போனார்கள். றுக்கியா தாயின் காதுக்குக் கிட்டக் குனிந்து, காக்கா கீறின ஒரு படத்தை வெளிநாட்டுக்காரர் கேட்கிறார்கள் என்றாள். நஜ்முன் நிஸா சிவரூபனை நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, இதால ஆருக்கும் கரச்சல் வராதே?”

“வராது, உம்மா. அந்தக் காலம் போயிற்றுது.”

அவர் பேனாவை வாங்கி அரபியில் எழுதுவது போலக் கவனமாகத் தன் பெயரைத் தமிழில் எழுதினார். படிவத்தை மடித்துப் பையில் வைக்கப் போனபோது றுக்கியா அதை வாங்கி மறுபடியும் மேலிருந்து கீழ் வரை வாசித்தாள். இதில் உங்கள் பெயர் எங்கே என்று கேட்டாள். அவன் தகப்பன் சொன்னதையும் சஜீத் சிரித்ததையும் சொன்னான். இப்போதும் பயமா என்று கேட்டாள். தெரியவில்லை என்றான்.

“போடுங்க. காக்கா தனியாக் கீறினார் எண்டு ஒரு பொய் எங்களுக்குத் தேவல்ல.”

அவளுடைய மேசையில் வைத்து, சஜீத்தின் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினான்.

வேலை முடிந்த மாதிரித்தான் இருந்தது. படிவம் போனது. செக் நாட்டுப் பெண் நன்றி எழுதினாள். எழுத்துக் கோப்பைச் சிவரூபன் அச்செடுத்துத் தபாலில் அனுப்பினான். கிடைத்தது என்று றுக்கியாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தை மாதம் விளையாட்டு வெளிவந்தது. அவனுக்கு ஒரு இலவசப் பிரதி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மேசையில் இருந்து ‘கொட்டியாரக்குடா’வைத் தெரிந்தெடுத்து, இருவர் விளையாடும் முறையில் வைத்தான். முதலில் தன் கப்பல்களை நகர்த்தினான். பிறகு மற்றப் பக்கத்தின் முறை வந்தது. பழக்கத்தில் யன்னல் பக்கம் திரும்பினான். வெளியே மாமரத்துக்குக் கீழே மகளின் சைக்கிள் நின்றது. திரும்பிப் பார்த்தபோது திரையில் கப்பல்கள் அப்படியே காத்துக்கொண்டு நின்றன. முறையை மாற்றி, கணினிக்கு எதிராக விளையாடினான். அரை மணித்தியாலத்தில் தோற்றான். இன்னொரு தரம் விளையாடி, மறுபடியும் தோற்றான். அவன் அந்த வகுப்பு நாட்களில் சஜீத்தைத் தவிர யாரிடமும் தோற்காதவன். தோற்றதற்காக ஒன்றும் தோன்றவில்லை.

பிரியதர்சினி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து பின்னால் நின்றாள். திரையில் படத்தின் பெயரும் அதன் கீழே இரண்டு பெயர்களும் இருந்தன. ஒன்று கணவனின் பெயர். மற்றப் பெயரை அவள் கேள்விப்பட்டதில்லை. கலியாணம் முடித்துப் பதின்மூன்று வருடம்.

“ஆர் இந்தச் சஜீத்?”

அவன் சொல்லத் தொடங்கினான். வகுப்பு, லோஞ்ச், கொப்பி, நெருப்பு, வாய்ப்பன், றுக்கியா. இடையில் அவள் ஒரு கதிரையை இழுத்து இருந்தாள். அவன் இவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்து அவள் கண்டதில்லை. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. லொறியின் நிறையைச் சொல்வது போலத்தான் சொன்னான். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள். ஆள் எப்படி இருப்பார்?

சிவரூபன் வாயைத் திறந்தான். மெல்லிய ஆள் என்றான். நீலத்தில் கோடு போட்ட சேட் ஒன்று போடுவான் என்றான். மவுசைப் பிடிக்கும்போது சின்ன விரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்றான். முகம் வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தான். றுக்கியாவின் முகம் வந்தது, வகுப்பில் படித்த வேறு ஒருவனின் முகம் வந்தது. சஜீத்தின் முகம் வரவில்லை. மூதூருக்குப் போயும் அவனுடைய புகைப்படம் ஒன்று இருக்கிறதா என்று தான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டை அவன் அரைவாசியில் விட்டான். பிரியதர்சினி அதைக் கவனித்தாள்.

மாசி மாதம் இரண்டாம் ஞாயிறு இருவருமாக மூதூருக்குப் போனார்கள். முதல் நாளே அவன் றுக்கியாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லியிருந்தான். படம் ஒன்று பார்க்க வேணும் என்றான். வாங்க என்று மட்டும் அவள் சொன்னாள்.

இந்தத் தடவை பாயிஸும் வீட்டில் இருந்தார். பிரியதர்சினி கொண்டுபோன மஸ்கட் இனிப்புப் பெட்டியை றுக்கியா வாங்கி உள்ளே வைத்தாள். நஜ்முன் நிஸா தலையணைக்குப் பக்கத்திலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தார். கந்தளாய்க்கு நடக்கும்போது குடும்பத்தின் அடையாள அட்டைகளையும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களையும் அவர் அதில் போட்டு இடுப்பில் கட்டியிருந்தாராம். அதனால் அந்தப் பையில் இருந்தது மட்டும் தப்பியது. உள்ளேயிருந்து அடையாள அட்டைக்கு என்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை எடுத்துச் சிவரூபனிடம் நீட்டினார். பெருவிரல் அளவு படம்.

காது இரண்டும் பெரிது. சேட் கழுத்துப் பொத்தானைப் பூட்டியிருந்தான். படமெடுக்கிறவன் ஆடாதே என்று சொல்லியிருக்க வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது போலத் தெரிந்தது. சிவரூபன் நினைத்துக்கொண்டிருந்ததைவிட மிகவும் சின்னப் பிள்ளை. ஆலைக்குப் புதிதாக வேலை கேட்டு வருகிற பெடியன்கள் இந்த வயதில் இருப்பார்கள். இத்தனை வருடமும் தன்னோடு சேர்ந்து அவனுக்கும் வயது போய்க்கொண்டிருந்ததாகத் தான் எண்ணியிருந்தது அவனுக்குத் தெரிந்தது. பார்த்து முடிந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டும். கொஞ்ச நேரம் கொடுக்கவில்லை. நஜ்முன் நிஸாவும் கையை நீட்டவில்லை.

பிறகு றுக்கியா தன் தொலைபேசியில் அதைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினாள். மதியம் அங்கேயே சாப்பிட்டார்கள். பாரைமீன் ஆணமும் கத்தரிக்காய்ப் பொரியலும். பிரியதர்சினியும் றுக்கியாவும் பாடசாலைகளைப் பற்றியும் பிள்ளைகளின் புலமைப்பரிசில் வகுப்புகளைப் பற்றியும் கதைத்தார்கள். சிவரூபனும் இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டான்.

கை கழுவிவிட்டு வந்து, பாயிஸிடம், சஜீத்தைக் கந்தளாயில் எந்த இடத்தில் அடக்கியிருக்கிறது என்று கேட்டான். மையவாடி பெரியது, தனியே போனால் கண்டுபிடிக்க ஏலாது, நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பாயிஸ் சொன்னார். சித்திரை வருடப்பிறப்பு முடியட்டும், பதினெட்டாந் திகதி சனிக்கிழமை வசதியா என்று கேட்டார். வசதி என்றான் சிவரூபன். அவனுக்குச் சனிக்கிழமையும் வேலை நாள்.

திங்கட்கிழமை காலை ஆலைக்குப் போனதும், லொறிகள் வருவதற்கு முன்னால், அந்தத் திகதிக்கு ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்தான். காரணம் என்று இருந்த இடத்தில் ‘நண்பனின் வீட்டு அலுவல்’ என்று எழுதினான்.